அத்தியாயம் 7: புரட்டிப் பார்த்தவர் எழுதியது

நாச்சியார்கோவிலிலிருந்து குடவாசல் வரும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமம். குறுவை அறுவடை முடிந்த நேரம். கூடத்தில் பாதியை நெல் மூட்டைகள் பிடித்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் ஒரு கயிற்றுக் கட்டில், அதில் பக்கவாதம் வந்து நான்கு மாதமாகப் படுத்திருக்கும் பெரியவர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் நர்ஸ் ஒருவருடன் நானும் போயிருந்தேன்.

"மாமாவுக்கு இடுப்புக்குக் கீழ லேசா தோல் உரிஞ்சிருக்கு சிஸ்டர். பவுடர் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் மருமகள்.

சிஸ்டர் பதில் சொல்லவில்லை. தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை கொடுத்துப் பெரியவரைத் தன் பக்கமாகப் புரட்டினார். பவுடர் வியர்வையில் ஊறிக் களியாக அப்பியிருந்தது. சலைனில் நனைத்த பஞ்சால் அதை மெதுவாக எடுத்தார். அடியில் இருந்தது உரிந்த தோல் இல்லை. ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குப் பழம்புளிபோலக் கறுத்த பொருக்கு. அதைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வளையம். "நேத்திக்குக்கூட இப்படி இல்லையே சிஸ்டர்" என்ற மருமகளுக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. நான்கு மாதமாக அவரைத் துடைத்து, ஊட்டி, உடுத்திவிட்டவர் அவர்தான். புரட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சிஸ்டர் தன் நோட்டில் நான்கு வரி எழுதினார். என்ன எழுதினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த நான்கு வரியைப் படிக்கவும் எழுதவும் கற்றுத் தருவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

இந்தப் புத்தகத்தை வாங்கியிருப்பவர்களில் பாதிப் பேர் பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டுச் சென்னைக்கோ திருச்சிக்கோ மெடிக்கல் கோடிங் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். டெல்டாவில் இன்று தெருவுக்கு ஒருவராவது இந்த வேலையில் இருக்கிறார். மீதிப் பாதி வார்டில் இருக்கிறவர்கள். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: கோடர் ஒருநாளும் புண்ணைப் பார்ப்பதில்லை. பார்த்தவர் எழுதிய சொல்லைத்தான் பார்க்கிறார். வார்டில் "பெட்சோர் பிளஸ்" என்று இரண்டே சொல்லில் முடிக்கப்பட்ட புண்ணை, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் எந்தக் கெட்டிக்காரக் கோடராலும் மீட்டெடுக்க முடியாது.

என் அத்தைக்கு அப்படித்தான் ஆயிற்று. இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசி வரியாக அந்த இரண்டு சொல். எந்த இடம், எவ்வளவு ஆழம், சேரும்போதே இருந்ததா என்று எதுவும் இல்லை. அடுத்து போன மருத்துவமனையில் கேட்டார்கள்: "இது எங்கே வந்தது?" எங்களிடம் பதில் இல்லை, காகிதத்திலும் இல்லை.

முதலில் புண்

ஆழமான படுக்கைப் புண் பெரும்பாலும் மேலிருந்து கீழே போவதில்லை, எலும்பின் பக்கமிருந்துதான் கிளம்புகிறது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சதைக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. ஆள் தலைமாட்டை உயர்த்தி உட்கார்ந்த வாக்கில் சரியும்போது தோல் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு மட்டும் நழுவுகிறது. அந்த இழுப்பில் சின்ன ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்கின்றன. அதனால்தான் வெளியே நாணயமளவு தெரியும் புண்ணுக்கு அடியில் உள்ளங்கை அளவு பள்ளம் இருப்பது.

நிலைகளைப் பிரிப்பதில் உலகம் பெரும்பாலும் பின்பற்றுவது அமெரிக்காவின் தேசிய அழுத்தக் காய ஆலோசனைக் குழு தரும் வரையறையை. 2016-இல் அவர்கள் 'அழுத்தப் புண்' என்ற பெயரை 'அழுத்தக் காயம்' என்று மாற்றினார்கள். ரோமன் எண்ணை விட்டு 1, 2, 3, 4 என்று எழுதச் சொன்னார்கள். தோல் கிழியாத நிலைக்குப் 'புண்' என்ற சொல் பொருந்தாது என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் கோடிங் புத்தகத்தில் இன்றும் பழைய பெயர்தான் தலைப்பு. எந்தப் பெயரில் எழுதினாலும் கோடு ஒன்றே.

முதல் நிலையில் தோல் முழுசாக இருக்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காது. பாடப் புத்தகம் இதோடு விட்டுவிடும். ஆனால் அந்தப் புத்தகத்தின் படத்தில் இருப்பது வெள்ளைத் தோல். வயலில் காய்ந்த நம்மூர்ப் பெரியவரின் முதுகில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் இரண்டாம் நிலை வரும்வரை ஒன்றும் தெரியாது. கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுச் சூடா குளிர்ச்சியா, கெட்டியா கொழகொழப்பா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். நிறம் மற்ற இடத்தைவிட ஒரு படி கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வார்டு டியூப்லைட்டில் நிறம் சரியாகத் தெரியாது. பார்த்ததை அப்படியே எழுதுங்கள்: "சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவும் கெட்டியாகவும் இருக்கிறது, அழுத்தினால் நிறம் மாறவில்லை."

இரண்டாம் நிலையில் மேல்தோல் போய் உள்தோல் தெரியும். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும், அல்லது தெளிந்த நீர் கோத்த கொப்புளமாக இருக்கும். மூன்றில் தோல் முழு ஆழத்துக்கும் போய்க் கொழுப்பு தெரியும். நான்கில் தசையோ தசைநாரோ எலும்போ தெரியும், அல்லது விரலுக்குத் தட்டுப்படும். ஆழத்தை மட்டும் வைத்து நிலையைச் சொல்லிவிட முடியாது. மூக்குத் தண்டு, காது, கணுக்கால் முட்டி ஆகிய இடங்களில் கொழுப்பே கிடையாது. அங்கே மேலோட்டமாகத் தெரியும் புண்கூட முழு ஆழப் புண்ணாக இருக்கலாம். பிட்டத்தில் மூன்றாம் நிலைப் புண் கிணறுபோல இருக்கும்.

இந்த நான்குக்கு வெளியே இரண்டு உண்டு. மஞ்சள் சவ்வோ கறுத்த பொருக்கோ மூடியிருந்து அடி தெரியாவிட்டால் அது நிலை கணிக்க முடியாதது. வார்டு மொழியில் அன்ஸ்டேஜபிள். தோல் முழுசாக இருந்தும் அடியில் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ நிறம் பாய்ந்திருந்தால், அல்லது ரத்தம் கோத்த கொப்புளமாக இருந்தால், அது ஆழ்திசுக் காயம், டி.டி.ஐ. இதன் குணம் ஒன்றை நினைவில் வையுங்கள்: அழுத்தம் பட்ட நேரத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் நிறம் காட்டும். கொல்லையில் விழுந்து விடியும்வரை தரையில் கிடந்த பாட்டியை வேனில் போட்டுத் திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வையுங்கள். மூன்றாம் நாள் வார்டில் ஊதா நிறம் தெரிந்தால், அந்தக் காயம் வார்டில் வந்ததாக இருக்கவேண்டியதில்லை. இதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். சொல்லவைக்க வேண்டியது நர்ஸின் முதல் நாள் குறிப்பு.

வார்டில் அதிகம் தவறாக எழுதப்படுவது இரண்டாம் நிலைதான். மூத்திரமும் மலமும் பட்டுப் புண்ணான தோலையும் 'ஸ்டேஜ் 2' என்றே எழுதிவிடுகிறார்கள். ஈரத்தால் வருவது பரவலாக இருக்கும், ஓரம் தெளிவாக இருக்காது, பிட்டத்தின் பிளவிலும் தொடை மடிப்பிலும் உட்கார்ந்திருக்கும், எலும்பு மேட்டைத் தேடிப் போகாது. அதற்குத் தனிக் கோடு இருக்கிறது: எல்24.ஏ2. 2020 அக்டோபரில் வந்தது. டயபரை நாள்முழுக்க மாற்றாமல் விட்ட புண்ணுக்கும் புரட்டாமல் விட்ட புண்ணுக்கும் சிகிச்சை வேறு. எழுதும் பெயர் மாறினால் சிகிச்சையும் மாறிவிடும்.

கோடின் உள்ளமைப்பு

அமெரிக்க வேலைக்கு நாம் பயன்படுத்துவது ஐசிடி-10-சிஎம். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அழுத்தப் புண்ணின் வீடு எல்89. 'பெட்சோர்', 'டெக்யூபிட்டஸ்', மாவுக்கட்டு அழுத்தி வந்த 'பிளாஸ்டர் அல்சர்' எல்லாம் இதே வீட்டில்தான் குடியிருக்கின்றன. புண்ணின் இடத்தையும் நிலையையும் ஒரே கோடு சொல்லிவிடும்.

நான்காவது எழுத்து உடலின் பகுதி: 0 முழங்கை, 1 முதுகு, 2 இடுப்பு, 3 பிட்டம், 5 கணுக்கால், 6 குதிகால், 8 மற்றவை. ஐந்தாவது எழுத்து வலமா இடமா என்று சொல்லும். முதுகில் மட்டும் அது மேல் கீழையும் சேர்த்துச் சொல்லும். வால் எலும்பு எங்கே போகும் என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருவர் கேட்பார். திரிகப் பகுதியோடு (சேக்ரம்) சேர்ந்து எல்89.15-க்குள். தோள்பட்டை எலும்பு மேல்முதுகோடு போகும். முகமும் தலையும் எல்89.81.

ஆறாவது எழுத்து நிலை. 1 முதல் 4 வரை அந்தந்த நிலை. 0 என்றால் கணிக்க முடியாதது. 6 ஆழ்திசுக் காயம். 9 என்றால் நிலை குறிப்பிடப்படவில்லை. திரிகத்தில் நான்காம் நிலை எல்89.154, இடது குதிகாலில் மூன்றாம் நிலை எல்89.623.

முதல் வருடத்தில் நான் வாங்கிய ஆடிட் எரர்களில் பாதி, 0-க்கும் 9-க்கும் நடுவில் விழுந்தவை. 0 என்பது புண்ணைப் பற்றிய செய்தி: பார்த்தார்கள், பொருக்கு மூடியிருந்தது, அல்லது தோலோ தசையோ ஒட்டுவைத்திருந்தது, அதனால் கணிக்க முடியவில்லை. 9 என்பது காகிதத்தைப் பற்றிய செய்தி: யாரும் எழுதவில்லை. எழுதாததை அன்ஸ்டேஜபிள் என்று போட்டால், டாக்டர் சொல்லாத ஒன்றை நீங்கள் சொன்னதாக ஆகும்.

இன்னொரு பள்ளம் எல்89.4. முதுகு, பிட்டம், இடுப்பு என்று ஒன்றோடொன்று ஒட்டிப் பரவிய ஒரே பெரிய புண்ணுக்கு உரியது. இதில் வலம் இடம் கிடையாது, மொத்தமே ஐந்து எழுத்து. இங்கே 0 என்றால் 'குறிப்பிடப்படவில்லை', 5 என்றால்தான் 'கணிக்க முடியாதது'. பழக்கத்தில் கை 0-க்குப் போகும், பிடித்து நிறுத்துங்கள்.

யார் எழுதினால் செல்லும்

இந்த விதி தெரியாமல் வேலைக்குப் போகாதீர்கள். நோயின் பெயரை, அதாவது 'இது அழுத்தப் புண்' என்பதை, சிகிச்சை பார்க்கும் டாக்டரோ அந்த அதிகாரம் உள்ளவரோ எழுதியிருக்க வேண்டும். நிலையை நர்ஸின் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நர்ஸ் பத்து நாள் தொடர்ந்து 'ஸ்டேஜ் 3' என்று எழுதி, டாக்டரின் குறிப்பில் புண் என்ற சொல்லே இல்லாவிட்டால், கோடு போட முடியாது. டாக்டர் 'பிரஷர் அல்சர், சேக்ரம்' என்று மட்டும் எழுதி, நர்ஸ் நிலையை எழுதியிருந்தால் போடலாம். இருவரும் முரண்பட்டால் டாக்டரிடம் குவெரி.

நர்சிங் படித்துவிட்டுக் கோடிங்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குறிப்பில் நிலையின் எண் இல்லாமல் வர்ணனை மட்டும் இருக்கும். 'தசை வரை அழுகல்' என்று படித்ததும் உங்கள் கை 4-க்குப் போகும். அந்த வர்ணனை கோடிங் புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலில் உள்ள சொற்களோடு ஒத்துப்போனால் எடுத்துக்கொள்ளலாம்: கொப்புளம், பகுதி ஆழத் தோல் இழப்பு என்றால் இரண்டு, தோலடித் திசு வரை அழுகிய முழு ஆழ இழப்பு என்றால் மூன்று, தசை, தசைநார், எலும்பு வரை அழுகல் என்றால் நான்கு. பட்டியலில் இல்லாத வர்ணனை என்றால், உங்கள் அனுபவம் எத்தனை வருடமானாலும், கேட்டுத்தான் ஆகவேண்டும். வார்டில் பதினைந்து வருடம் இருந்த எனக்கு இதை விழுங்கக் கஷ்டமாக இருந்தது.

குவெரியில் பதிலை நீங்களே ஊட்டிவிடக் கூடாது. "இது ஸ்டேஜ் 4 தானே, உறுதிசெய்யவும்" என்று எழுதினால் அது கேள்வியே இல்லை. "5-ஆம் தேதி நர்ஸ் குறிப்பில் திரிகப் பகுதியில் 4 x 3 x 2 செ.மீ. திறந்த காயம், அடியில் எலும்பு தெரிவதாக உள்ளது. இக்காயத்தின் வகையையும், பொருந்துமானால் நிலையையும் பதிவுசெய்ய வேண்டுகிறோம்." இவ்வளவு போதும். காசைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது.

காசு எங்கே வருகிறது

வராமலா? மூன்றாம் நான்காம் நிலைப் புண் அமெரிக்க மெடிகேர் கணக்கில் பெரிய சிக்கல்களின் பட்டியலில், எம்சிசி வரிசையில் இருக்கிறது. மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையை உயர்த்தும். ஆனால் 2008 அக்டோபர் 1 முதல், மருத்துவமனையில் சேர்ந்த பிறகு வந்த மூன்றாம் நான்காம் நிலைப் புண்ணுக்காக அந்தக் கூடுதல் தொகை இல்லை. அதனால்தான் ஒவ்வொரு கோடின் பின்னாலும் பிஓஏ என்ற ஒற்றை எழுத்துக்கு இவ்வளவு மவுசு: சேரும்போதே இருந்ததென்றால் ஒய், இல்லையென்றால் என். குறிப்பு போதாவிட்டால் யு, டாக்டராலேயே சொல்ல முடியவில்லை என்றால் டபிள்யூ. இத்தனை மணி நேரத்துக்குள் எழுதியிருக்க வேண்டும் என்ற கெடு கிடையாது. முதலிலேயே இருந்தது என்பது டாக்டரின் தீர்ப்பு. தீர்ப்புக்குச் சாட்சி முதல் நாள் குறிப்பு.

படுத்திருக்கும் நாட்களில் புண் மாறிக்கொண்டே இருக்கும். கோடு அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். இரண்டாம் நிலையில் சேர்ந்து மூன்றாம் நிலைக்குப் போனால் இரண்டு கோடு: சேரும்போதிருந்த நிலைக்கு ஒன்று, தங்கியிருந்த காலத்தின் உச்ச நிலைக்கு ஒன்று, முதலாவதற்கு ஒய், இரண்டாவதற்கு என். பொருக்கோடு சேர்ந்து, அதை வெட்டி எடுத்தபின் நான்காம் நிலை என்று தெரிந்தால் இந்தக் கதை வேறு: புண் வளரவில்லை, மூடி திறந்தது. வெளிப்பட்ட நிலைக்கு மட்டும் ஒரே கோடு. சேரும்போது இருந்து வீடு திரும்பும்முன் ஆறிவிட்டதென்றால், சேர்ந்த அன்றைய நிலையைப் போடுங்கள். சேரும்போதே முழுதாக ஆறியிருந்தால் எதுவும் வேண்டாம். 'ஆறிவருகிறது' என்பது வேறு, 'ஆறிவிட்டது' என்பது வேறு. ஆறிவரும் புண்ணுக்குக் கோடு உண்டு.

ஆறிவரும் நான்காம் நிலை, மேலே சதை வளர்ந்து மூன்றாம் நிலைபோலத் தெரிந்தாலும் மூன்றாம் நிலை ஆகாது. இழந்த தசையும் கொழுப்பும் அப்படியே திரும்ப வருவதில்லை. தழும்புத் திசுதான் நிரப்புகிறது. 'ஆறிவரும் ஸ்டேஜ் 4' என்றே எழுத வேண்டும். கீழ்நோக்கி எண்ணும் குறிப்பு வந்தால் குவெரி போடுங்கள்.

குதிகால் தகராறு

நம் பக்கத்தில் சர்க்கரை இல்லாத வீடு அபூர்வம். கடலூரிலும் நாகையிலும் தஞ்சாவூரிலும் எந்த வார்டில் போய் நின்றாலும் காலில் கட்டோடு நாலு பேர். குதிகாலில் புண் என்றால் அது அழுத்தத்தால் வந்ததா சர்க்கரையால் வந்ததா என்பதை டாக்டர் சொல்லியாக வேண்டும். அழுத்தப் புண் என்று எழுதியிருந்தால் எல்89.6-, சர்க்கரை நோய்க்குத் தனிக் கோடு. சர்க்கரை நோயாளியின் காலில் 'ஃபுட் அல்சர்' என்று மட்டும் இருந்து, வேறு காரணம் எதுவும் சொல்லப்படாவிட்டால், கோடிங் விதி இரண்டையும் தானே முடிச்சுப் போட்டுவிடும்: இ11.621, கூடவே இடத்தையும் ஆழத்தையும் சொல்லும் எல்97. வலது குதிகாலில் கொழுப்பு தெரியும் புண் என்றால் எல்97.412. எல்97-க்கு 1 முதல் 4 நிலை கிடையாது என்பதைக் கவனியுங்கள். கொழுப்பு, தசை, எலும்பு என்று ஆழம்தான் கணக்கு. நர்ஸ் 'பிரஷர்' என்றும் டாக்டர் 'டயபெட்டிக்' என்றும் எழுதியிருந்தால் நடுவில் புகுந்து பஞ்சாயத்து செய்யாதீர்கள். கேளுங்கள்.

வார்டு நர்ஸுக்கு ஒரு குறிப்பு: குதிகாலில் காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் கறுத்த பொருக்கை, சீழோ சிவப்போ அசைவோ இல்லாதவரை, பிய்க்காதீர்கள். அது உடம்பே போட்ட கட்டு.

புண்ணோடு கேங்ரீன் இருந்தால் ஐ96 முதலில் வரும். திரிகத்துப் புண் எலும்புக்குள் புகுந்துவிட்டதென்று டாக்டர் எழுதியிருந்தால் எம்46.28 கூட வரும். வெட்டி எடுத்த சிகிச்சைக்கு டாக்டர் பக்கத்து பில்லில் 11042, 11043, 11044 என்று மூன்று கோடு. முறையே தோலடித் திசு, தசை, எலும்பு, ஒவ்வொன்றும் முதல் 20 சதுர செ.மீ.க்கு. புண் எவ்வளவு ஆழம் என்பது இங்கே கணக்கில்லை. எந்த ஆழம்வரை வெட்டி எடுத்தார் என்பதுதான். எலும்பு தெரியும் புண்ணில் தோலடித் திசுவை மட்டும் எடுத்தால் 11042தான்.

எழுதும் கை

அளவெடுக்கும் முறை ஒன்றாக இருந்தால்தான் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியும். ஆளின் உடம்பைக் கடிகாரமாக நினையுங்கள்: தலை 12 மணி, கால் 6 மணி. நீளம் தலையிலிருந்து கால் வாட்டத்தில். அகலம் அதற்குக் குறுக்கே. ஆழத்துக்கு ஈரப் பஞ்சு சுற்றிய குச்சியை அதிக ஆழமான இடத்தில் நிறுத்தித் தோல் மட்டத்தில் விரலால் பிடித்து, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். ஓரத்துக்கு அடியில் குடைந்து போயிருந்தால் "3 மணி முதல் 6 மணி வரை, 2 செ.மீ." என்று எழுதுங்கள். 'எலுமிச்சை அளவு', 'நெல்லிக்காய் அளவு' எல்லாம் வீட்டுப் பேச்சுக்குச் சரி.

சேர்க்கையின்போது எழுத வேண்டிய ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம். கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். உள்ளே வரவேண்டிய சரக்கு இது:

"12-ஆம் தேதி, காலை 10.20. சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் தலை முதல் கால்வரை புரட்டிப் பார்க்கப்பட்டது. திரிகப் பகுதியில் அழுத்தப் புண், ஸ்டேஜ் 3. 4 x 3 x 1.5 செ.மீ. கொழுப்பு தெரிகிறது, தசையோ எலும்போ தெரியவில்லை. அடியில் கால்வாசி மஞ்சள் சவ்வு, மீதி சிவந்த சதை. 1 முதல் 3 மணி வரை 1 செ.மீ. குடைவு. கசிவு மிதம், நாற்றம் இல்லை. சுற்றுத் தோல் சூடாக இல்லை. இரண்டு வாரமாக இருப்பதாக மகள் கூறுகிறார். இடது குதிகாலில் தோல் முழுசு, அழுத்தினால் நிறம் மாறவில்லை, ஸ்டேஜ் 1. வேறு இடத்தில் புண் இல்லை. பிரேடன் மதிப்பெண் 11. டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது, 10.40."

இதில் 'வேறு இடத்தில் புண் இல்லை' என்ற வரியைப் பலர் எழுதுவதில்லை. பிற்பாடு வலது குதிகாலில் ஒன்று முளைத்தால், அன்று பார்த்தீர்களா இல்லையா என்பதற்கு அந்த ஒரு வரிதான் விடை. பிரேடன் என்பது 1987-இல் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் வெளியிட்ட ஆறு கேள்வி அளவுகோல். 6 முதல் 23 வரை மதிப்பெண், 18-உம் அதற்குக் கீழும் என்றால் ஆபத்து. மதிப்பெண் போட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு அதைப் போடாமலே இருக்கலாம்.

மகளின் வாயிலிருந்து வந்ததை மகளின் வாயாகவே எழுதுங்கள். வீட்டாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் தொனியும் வேண்டாம், மருத்துவமனையைக் காப்பாற்றும் தொனியும் வேண்டாம்.

ஊருக்குள் இன்னொரு எல்89

நம் நாட்டு மருத்துவமனைப் பதிவேட்டில் வேலை கிடைத்தால், சென்னைப் பழக்கத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டுப் போங்கள். இங்கே பயன்படுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. அதில் எல்89 உடலின் இடத்தைச் சொல்லாது, நிலை மட்டும்தான்: எல்89.0 முதல் நிலை, எல்89.1 இரண்டாம் நிலை, எல்89.2 மூன்றாம் நிலை, எல்89.3 நான்காம் நிலை. அமெரிக்கப் புத்தகத்தில் எல்89.3 என்றால் பிட்டம். இங்கே அதே எழுத்துகள் நான்காம் நிலை. 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த ஐசிடி-11-இல் முகவரியே மாறி இஎச்90 ஆகிவிட்டது. தர அங்கீகாரத்துக்கான என்.ஏ.பி.எச். கணக்கில் சேர்க்கைக்குப் பின் வந்த படுக்கைப் புண்ணை ஆயிரம் நோயாளி நாளுக்கு இத்தனை என்று காட்டச் சொல்கிறார்கள். முதல் நாள் புரட்டிப் பார்த்து எழுதாத வார்டில் இந்த எண் எப்போதும் அழகாக, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

அந்தக் கிராமத்து வீட்டுக்கு வருவோம். சிஸ்டர் நோட்டில் எழுதியிருந்தது: "திரிகப் பகுதி, 2.5 x 2.5 செ.மீ., முழுதும் கறுத்த பொருக்கு, ஆழம் தெரியவில்லை, அன்ஸ்டேஜபிள். சுற்றி 1 செ.மீ. ஊதா, தொட்டால் கொழகொழப்பு. குதிகால் இரண்டும் முழுசு. குடவாசல் அரசு மருத்துவமனை டாக்டரிடம் போனில் சொல்லியாயிற்று, நாளை அழைத்துவரச் சொன்னார்." டாக்டரும் பார்த்து அழுத்தப் புண் என்று எழுதிவிட்டால், அமெரிக்கக் கணக்கில் அது எல்89.150.

அடுத்த முறை போனபோது பெரியவருக்குக் காற்றுப் படுக்கை வந்திருந்தது. நெல் மூட்டைகள் போயிருந்தன. சுவரில் மாட்டிய காலண்டரின் பின்பக்கத்தில் மருமகள் கோடு போட்டு மணிக்கணக்கு எழுதியிருந்தார். 6 இடது. 8 வலது. 10 மல்லாக்க. 12 இடது. ராத்திரி 2 மணிக்கு எதிரே வேறொன்று: "தூங்கிட்டேன்."

எங்களைப் பார்த்ததும் அவசரமாகப் பேனாவை எடுத்து அதை அடிக்கப் போனார்.

"அடிக்காத, அப்படியே இருக்கட்டும்" என்றார் சிஸ்டர். பெரியவரைப் புரட்டினார்.